ரூபனுக்கு இலை போடாத அமெரிக்கா

1

எங்கள் கன்ரீனில் மார்க்கெ இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. மார்க்கெ என்பது ஒரு சின்னப் பச்சைத் துண்டு. தொழிற்சாலைக்காரர் அதை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். மத்தியானம் தட்டோடு வரிசையில் வருவார்கள். நான் அகப்பையால் அள்ளிப் போடுவேன். வரிசையின் முடிவில் காசுமேசையில் இருக்கிற ஹில்ட அம்மா மார்க்கெயை வாங்கிப் பெட்டிக்குள் போடுவா. பீலெஃபெல்ட் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து நான் வகிக்கிற பதவி இந்த அகப்பைதான். ஊருக்குக் கடிதம் எழுதும்போது "உணவுத்துறையில் இருக்கிறேன்" என்று எழுதுவேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போன ஆவணியில் ஒரு பொடியன் வந்தான். தற்காலிக வேலைக்காரன், முதல் நாள். மார்க்கெ என்று ஒரு சாமான் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுவிட்டேன். ஹில்ட அம்மா கையை நீட்டினா. அவன் தன் கையை நீட்டிக் குலுக்கினான். முதல் நாள் மரியாதை என்று நினைத்திருப்பான். பிறகு விஷயம் விளங்கி, முகம் சிவந்து, தட்டை என்னிடம் திருப்பித் தந்தான். ஒருதரம் தட்டில் போட்டதைச் சட்டிக்குள் திரும்பப் போட ஏலாது, சுகாதாரச் சட்டம். அவன் பார்த்துக்கொண்டு நிற்க, அவ்வளவையும் குப்பைக்குள் கொட்டினேன்.

வேறொரு நாளாயிருந்தால் இதை மறந்திருப்பேன். அந்தக் கிழமை மறக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் ரூபனை விளையாட விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாகப் பேச்சு.

2

ரூபன் என் மனைவி வசந்தியின் தம்பி. பத்து வயதில் எங்களிடம் வந்தவன். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிற தகப்பன், சைக்கிள் திருத்துகிற தமையன், பகிடிக்கு ஆளான அத்தான், மூன்றும் நான்தான். படிப்பில் நடுத்தரம். கால் மட்டும் நடுத்தரம் இல்லை.

இங்கே ஒரு சின்னக் கழகத்தில் எங்களுக்குத் தெரிந்த உதைபந்து விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்து மைதானத்தில் தலையில் இரும்புக் கூடும் தோளில் தலையணையும் கட்டின ஒரு கூட்டம், முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை அந்த முட்டை வேலி தாண்டி வந்தது. ரூபன் அதை அவர்களிடம் உதைத்து அனுப்பினான். அது அவர்களையும் கடந்து, கம்பத்தையும் கடந்து, கழகத்துப் பெண்கள் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த மேசையில் போய், ஒரு செரிப்பழக் கேக்கின் நடுவில் இறங்கியது.

ஓடி வந்தவர் டேவ். அமெரிக்கப் பட்டாளத்தோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டவர். அந்தக் கூட்டத்துக்குப் பயிற்சி கொடுப்பவர். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் ரூபனுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு ரூபனின் காலைப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டை எனக்கு விளங்கப்படுத்தினார்கள். பேர் ஃபுட்போல். எல்லாரும் கையால் பிடிக்கிறார்கள், கையால் எறிகிறார்கள். இத்தனை பேருக்குள் ஒருத்தன்தான் காலால் உதைப்பதற்கென்று இருக்கிறான். அவனும் மற்றவர்கள் அடிபட்டு முடிய வெள்ளைச் சட்டையோடு வந்து, ஒரு உதை உதைத்துவிட்டு, போய்க் குந்திவிடுவான். "அப்ப இதுக்கு ஏன் ஃபுட்போல் எண்டு பேர்?" என்று டேவைக் கேட்டேன். "நானும் சின்னனிலயிருந்து யோசிக்கிறன்" என்றார்.

அப்படி வந்து உதைக்கிற ஆளாகத்தான் ரூபன் ஆனான். உதைப்பவனுக்குப் பந்தை நட்டமாக நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நிலத்தில் குந்தி, ஒரு விரலால் உச்சியை அமத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதம் அந்த ஆள் நான். ஒரு நாள் பந்துக்குப் பதிலாக விரலை உதைத்துவிட்டான். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. டொக்டர் விடுப்புக் கடிதத்தில் "விளையாட்டுக் காயம்" என்று எழுதினார். அதைக் கன்ரீனில் கொடுத்தபோது ஹில்ட அம்மா என் தொந்தி வண்டியைப் பார்த்தா, கடிதத்தைப் பார்த்தா, திரும்பவும் வண்டியைப் பார்த்தா.

3

"அமெரிக்காவிலை இப்பிடி உதைக்கிற பொடியளுக்குப் பல்கலைக்கழகம் ஸ்கொலர்சிப் குடுக்கும்" என்று டேவ் சொன்னார்.

நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் அதன் பேர் புலமைப்பரிசில். ஐந்தாம் வகுப்பில் சோதனை வைப்பார்கள். நான் எழுதின சோதனைத்தாளைத் திருத்தின ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனவர். மூளையால் எனக்குக் கிடைக்காத ஒன்று இவனுக்குக் காலால் கிடைக்குமா? படிப்பு, தங்க இடம், புத்தகம், சாப்பாடு, எல்லாம் ஒரு உதைக்காகவா? ஒரு பல்கலைக்கழகத்துக்கு உதைக்கிற ஆளால் என்ன தேவை? கேட்கக் கேட்க எனக்கு ஆவல் கூடினதே தவிர விடை கிடைக்கவில்லை. அங்கே மைதானத்தில் எங்கள் நகரத்துச் சனத்தில் கால்வாசி குந்தலாம் என்றார் டேவ். சரி, நல்லூர்த் திருவிழா மாதிரி ஏதோ என்று எடுத்துக்கொண்டேன்.

ரூபன் உதைப்பதை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும் என்றார். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கடையில் கமரா வாடகைக்கு எடுப்பானேன், எங்களிடம் வீடியோ சந்திரன் அண்ணை இருக்கிறாரே!

சந்திரன் அண்ணை இந்தப் பக்கத்துக் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றையும் எடுப்பவர். ஒரு ஞாயிறு முழுக்க மைதானத்தில் நின்று எடுத்தார். "தம்பி, கொஞ்சம் சிரிச்சபடி உதையும்" என்று சொன்னதைத் தவிர நல்லாகத்தான் எடுத்தார். வெட்டி ஒட்டி, அமெரிக்க மெஷினில் ஓடக்கூடியதாக மாற்றி, ஒரு கிழமையில் வீடியோக் கொப்பியைத் தந்தார். தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அதைப் பார்க்காமல் டேவிடம் கொடுத்தேன். டேவ் பார்க்காமல் அனுப்பினார்.

வீட்டுக்கென்று தந்த கொப்பியை அன்று பின்னேரம் போட்டுப் பார்த்தோம்.

முதலில் பிள்ளையார் வந்தார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்ற. பிறகு தங்க எழுத்தில் ரூபனின் பேர் பறந்து வந்து மூன்று தரம் சுழன்றது. நாதஸ்வரம் தொடங்கியது. ரூபன் ஓடி வருகிறான், உதைக்கிறான், பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவால் போகிறது. அந்த நொடியில் கெட்டிமேளம்! மேலேயிருந்து ரோசாப்பூ இதழ் கொட்டுகிறது. அடுத்த உதை, அடுத்த கெட்டிமேளம். நெடுந்தூர உதை ஒன்று இதய வடிவச் சட்டத்துக்குள் நடந்தது. கடைசியில், "வருகை தந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி."

ரூபன் சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அத்தான், இது கலியாண வீடியோ."

நான் சந்திரன் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்னண்ணை செய்து வச்சிருக்கிறியள்?"

"ஏன், வடிவா இல்லையோ?"

"கெட்டிமேளம் ஏன் அண்ணை?"

"பந்து உள்ளுக்குப் போகேக்கை தாலி கட்டின மாதிரி ஒரு நிறைவு இருந்தது, அதுதான் போட்டனான்" என்றார். பிழை சொல்ல முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

4

பதில் வர மாட்டாது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தபோது பதில் வந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக் கோச் டேவோடு ரெலிபோனில் கதைத்தாராம். முதல் பத்து நிமிஷம் சிரிப்பு மட்டும்தானாம். பிறகு சொன்னது இது: புலமைப்பரிசில் தர ஏலாது. கூப்பிடவும் மாட்டம். ஆனால் பொடியன் தானாக வந்து, தன் காசில் படித்துக்கொண்டு, மைதானத்தில் வந்து நின்றால், துரத்த மாட்டம். நல்லா உதைத்தால் இரண்டாம் வருஷம் முடியப் பார்ப்பம். இப்படி வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பேர் இருக்கிறது: வோக்-ஒன். நடந்து வந்தவன்.

இது எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையானது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அழைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து சொன்னால்தான் அழைப்பு. தபாலில் கார்ட் மட்டும் வந்தால், "வழியில கண்டவைக்கெல்லாம் குடுக்கிற மாதிரிக் குடுத்திருக்கினம்" என்று போகாமல் இருந்துவிடுகிற சனம் நாங்கள். எழுதாமல், சொல்லாமல், "வந்தால் துரத்த மாட்டம்" என்பதற்கா அத்திலாந்திக் கடலைத் தாண்டுவது?

"கூப்பிடாத இடத்துக்கு என்ர தம்பி போகவேண்டாம்" என்றாள் வசந்தி.

"அக்கா, ஜெர்மனிக்கு எங்களை ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டான் ரூபன்.

அடுத்த மாதம் நான் கட்டிவந்த சீட்டுக் காசை அவன் படிப்புக்கென்று எடுத்தேன்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெர்மீன், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்துப் போனோம். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே நின்றால் அவனுடைய வதிவிட அனுமதி செத்துவிடும். நீட்டிக்க அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் போடவேண்டும். அங்கிருந்த அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.

"வெளியே போகும் நோக்கம்?"

"பந்து உதைக்க" என்றேன் நான்.

"ஜெர்மனியிலும் பந்து இருக்கிறது."

"இது உருண்டை இல்லை அம்மா."

ரூபன் என்னை வெளியே இருக்கச் சொன்னான். உள்ளே தானே நல்ல ஜெர்மனில் கதைத்து, இரண்டு வருஷம் வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டாம் வருஷம் முடிகிற ஆவணிக்குள், புலமைப்பரிசில் கிடைத்ததற்கான அத்தாட்சி வந்தால் இன்னும் நீட்டலாம். வராவிட்டால், வந்து ஒரு அவுஸ்பில்டுங்கில் சேர்ந்து, தொழில் பழகி, இங்கேயே இருக்கவேண்டியதுதான். எங்களுக்கும் அதற்கு மேல் கட்டிப் படிப்பிக்க வழியில்லை.

5

போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் எல்லாம் நல்லாயிருந்தது. வகுப்புத் தொடங்கும்வரை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் சாப்பாடாம். ஞாயிறு பின்னேரங்களில் ரெலிபோன் எடுப்பான். வசந்தி முதலாவதாகக் கேட்கிற கேள்வி, "என்ன சாப்பிட்டனி?" பிறகு நான் வாங்கி, "உதைச்சனியோ?" என்பேன்.

வகுப்புத் தொடங்கின கிழமை அவன் சொன்ன பதிலில் வசந்தி கதிரையில் குந்திவிட்டாள்.

விஷயம் இதுதான். பின்னேரம் பயிற்சி முடிய எல்லாரும் ஒரு மண்டபத்துக்குச் சாப்பிடப் போவார்கள். பரிசில் உள்ளவர்களுக்குத்தான் அந்த மேசை. நடந்து வந்தவர்களுக்கு இல்லை. காசு கட்டினால் இருக்கலாம், ஆனால் அது ரூபனுக்குக் கட்டாது. ஒரே மைதானம், ஒரே வெயில், ஒரே ஏச்சு. மண்டப வாசல் வந்ததும் ஒரு கூட்டம் உள்ளே, மூன்று நாலு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே.

"பந்தியிலையிருந்து எழுப்பி விடுகினமோ?" என்றாள் வசந்தி.

"எழுப்பேல்லை அக்கா. இருக்கவே விடேல்லை" என்று சிரித்தான். "நான் அறையில பாணும் முட்டையும் சாப்பிடுறன். இது இங்கத்தைச் சட்டம், யா?"

அந்த "யா" வேறு அவளைச் சுட்டது. போகும்போது "ஓம்" என்று கொண்டு போனவன்.

படிப்புக் காசு, விசா, காயம், குளிர், ஒன்றும் வசந்திக்குப் பெரிதில்லை. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பார்சல் கட்டி அனுப்பினாள். வடையைச் சுங்கத்தில் பிரித்துப் பார்த்து, உணவா கட்டிடப் பொருளா என்று தெரியாமல் விட்டிருக்க வேண்டும், முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. நான் சாப்பிட இருந்தால், "நீங்கள் சாப்பிடுங்கோ, உங்களுக்கென்ன" என்பாள். சமைத்தவளே அப்படிச் சொன்னால் எப்படி விழுங்குவது?

"இஞ்சருங்கோ, அந்தக் கோச்சோடை ஒருக்காக் கதையுங்கோவன்."

"என்ன இங்கிலீசில?"

"உங்கட இங்கிலீசிலதான்."

6

எனக்கு இங்கிலீஷ் பயம். ஆனால் வசந்தி பக்கத்தில் நின்றால் அந்தப் பயம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அங்கே காலை நேரமாகப் பார்த்து ரெலிபோனைச் சுழற்றினேன். கோச்சே எடுத்தார். எழுதி வைத்திருந்த கடதாசியைப் பார்த்து வாசித்தேன். முதல் வசனமே, "ஐயா, ரூபன் சாப்பிடுறேல்லை."

மனிசன் பதறிப்போனார். "சுகமில்லையா? டொக்டரைக் கூப்பிடட்டா?"

"சுகம். பசி. நீங்கள்தான் சாப்பாடு குடுக்கிறேல்லை."

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அது அவருடைய சட்டம் இல்லை. நாடு முழுக்க உள்ள சட்டம். பரிசில் இல்லாத ஒருவனுக்கு அவர் அந்த மேசையிலிருந்து இலவசமாக எடுத்துக் கொடுத்தால் பல்கலைக்கழகத்துக்கே தண்டனை வருமாம். சாப்பாடு கொடுத்ததற்குத் தண்டனை! அப்படி ஒரு குற்றம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

எனக்கு உசார் வந்துவிட்டது. "ஐயா, எங்கட ஊர்க் கலியாணத்திலை மேளகாரனும் சாப்பிடுவான், சமையல்காரனும் சாப்பிடுவான், பந்தல் பிரிக்க வந்தவனும் சாப்பிடுவான். கூப்பிடாமல் வந்தவனும் சாப்பிடுவான். ஒருத்தரும் மார்க்கெ கேக்கிறேல்லை." மார்க்கெக்கு இங்கிலீஷ் தெரியாததால் அப்படியே சொன்னேன்.

"கலியாண வீடியோ அனுப்பினது நீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"அந்த மேளம் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லி ரெலிபோனை வைத்தார்.

பெரிய வெற்றி என்று நினைத்தேன். "மார்க்கெ கேக்கிறேல்லை" என்று அமெரிக்கனுக்கே சொல்லிப்போட்டேனே! அடுத்த நாள் அகப்பையோடு நின்றபோதுதான், பச்சைத் துண்டுகள் ஒவ்வொன்றாக ஹில்ட அம்மாவின் பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு காலமாக நான் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். அந்தக் கோச்சை எனக்குக் கொஞ்சம் விளங்கினது.

ஞாயிறு ரூபன் எடுத்தபோது குரல் வேறாயிருந்தது.

"அத்தான், நீங்கள் கோச்சுக்கு ரெலிபோன் எடுத்தனீங்களோ?"

"சும்மா, சுகம் விசாரிக்க..."

"எனக்குச் சாப்பாடு கேட்டு வாங்கித் தரவேண்டாம். அந்தக் கதிரையில நான் உதைச்சுத்தான் இருக்கோணும். கேட்டு வாங்கினால் பிறகு அதில இருந்தென்ன, விட்டென்ன?"

பத்து வயதில் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாமல் வந்த பொடியன். நான் "சரி" என்றேன்.

7

முதல் வருஷம் முழுக்க அவன் விளையாடவே இல்லை. கரையில் நின்றான். இரண்டாம் வருஷம் நடுவில், உதைக்கிற பொடியனுக்குத் தொடை பிடித்துக்கொண்டதாம். ரூபனை இறக்கினார்கள். சனம் நிறைந்த மைதானம், கடைசி நிமிஷம், உதைத்தான், போய் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாப் போட்டியிலும் அவன்தான். எங்களால் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ரெலிபோனில் அவன் தூரத்தை யார்டில் சொல்ல, நான் அதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோருக்கு மீற்றரில், கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன்.

"சாப்பாடு?" என்பாள் வசந்தி.

"இன்னும் இல்லை அக்கா."

போட்டியை வென்று கொடுத்துவிட்டு, சைக்கிளில் போய் முட்டை பொரித்தான்.

இப்படியே ஆவணி வந்தது, மூன்றாம் வருஷ வகுப்பும் தொடங்கியது. கோச் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வருஷத்துக் காசு கட்டவேண்டிய கடைசி நாளும், இங்கே அலுவலகத்து அம்மா தந்த தவணையும் ஒன்றாக நெருங்கி, பத்து நாள்தான் மிச்சம் இருந்தது. இங்கே இயந்திரத் தொழில் பழக ஒரு இடமும் பிடித்து வைத்திருந்தேன். அந்தக் கிழமைதான் கன்ரீனில் அந்தப் புதுப் பொடியன் மார்க்கெ இல்லாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரூபன் எடுத்து "வாறன்" என்றால், பிராங்பேர்ட்டுக்குப் போய்க் கூட்டிவரக் காரும் சொல்லி வைத்திருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது. வசந்தி பாய்ந்து எடுத்தாள். பழக்கத்தில் வாயில் வந்தது வழக்கமான கேள்விதான்.

"என்ன சாப்பிட்டனி?"

நான் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"கோழி" என்றான் ரூபன். "உருளைக்கிழங்கு. பச்சையா ஏதோ ஒண்டு, பேர் தெரியாது."

"அறையிலையோ?"

"இல்லை அக்கா. நேற்று மண்டபத்திலை."

பிறகு கதை முழுக்க வந்தது. சனிக்கிழமை பின்னேரம் கோச் எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டாராம். போட்டி வீடியோ பார்த்துப் பிழை சொல்லப் போகிறார் என்று ரூபன் கொப்பியும் பேனையுமாக இருந்தானாம். விளக்கை அணைத்தார்கள். திரையில் பிள்ளையார் வந்தார்.

தங்க எழுத்தில் பேர் சுழல, நூறு அமெரிக்கப் பொடியள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நாதஸ்வரம் தொடங்கக் கை தட்டினார்களாம். ஒவ்வொரு கெட்டிமேளத்துக்கும் எல்லாரும் எழும்பி நின்று கத்தினார்களாம். நன்றி சொல்லி முடிய விளக்கைப் போட்டுவிட்டு, கோச் சொன்னாராம்: "இவனுடைய வீட்டு ஆள் ஒருவர் எனக்கு ஒரு விஷயம் படிப்பித்தார். கலியாணத்துக்கு வந்தவன் ஒருத்தனும் சாப்பிடாமல் போறதில்லையாம். ரூபன், சைக்கிளை விடு. இனிமேல் உனக்கு இங்கேதான் சாப்பாடு. படிப்பும்."

"கேட்டு வாங்கினது இல்லையே?" என்றேன் நான், ரெலிபோனைப் பறித்து.

"இல்லை அத்தான். உதைச்சு வாங்கினது." கொஞ்சம் பொறுத்து, "மேளம் மட்டும் உங்கட" என்றான்.

வசந்தி திரும்பப் பறித்தாள். "ஆரடா சாப்பாடு போட்டது?"

"வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஐயா, அக்கா. அத்தான் மாதிரி அகப்பையோடை. போட்டிட்டு, இன்னும் வேணுமோ எண்டு கேட்டவர்."

வசந்தி ரெலிபோன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னும் வேணுமோ எண்டு கேட்டவராம்" என்றாள். பிறகு ரெலிபோனை என் கையில் தந்தாள். மிச்சத்தை நான்தான் கதைத்தேன். அத்தாட்சிக் கடிதத்தை உடனே தொலைநகலில் அனுப்பச் சொன்னேன். கார்க்காரனுக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை கன்ரீனில் வரிசை நீண்டது. அந்தப் புதுப் பொடியனும் வந்தான், தட்டோடும், எல்லாருக்கும் தெரியும்படி விரலிடுக்கில் பிடித்த பச்சை மார்க்கெயோடும். போட்டேன். போட்டுவிட்டு, "இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். அவன் திடுக்கிட்டுத் தலையாட்டினான். பின்னால் வந்தவரையும் கேட்டேன். அதற்குப் பின்னால் வந்தவரையும். இவ்வளவு வருஷத்தில் நான் அந்த வரிசையில் ஒருத்தரையும் அப்படிக் கேட்டதில்லை. பதினொன்றரைக்குத் தொடங்கின உருளைக்கிழங்கு பன்னிரண்டேகாலுக்கு முடிந்துவிட்டது.

ஹில்ட அம்மா காசுமேசையிலிருந்து எழும்பி வந்து வெறும் சட்டியைப் பார்த்தா. "உனக்கு இன்று என்ன வந்தது?"

"எங்கள் வீட்டில் கலியாணம்" என்றேன்.

"அடடே! எப்போது?"

"சனிக்கிழமை பின்னேரம். எல்லாரும் சாப்பிட்டார்கள்."